ஒரு படியில் கணக்கிட்ட பதிப்பு எண் அடுத்த படியில் ஏன் வெறுமையாக இருக்கிறது?

கேள்வி

வணக்கம். கிட்ஹப்பின் தானியக்கச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் இரண்டு ஜாப்கள் (படிகளின் தொகுப்புகள்) கொண்ட ஒரு பைப்லைனை அமைத்துவருகிறேன். முதல் ஜாப்பின் தொடக்கத்தில் ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்ட், கிட் டிஸ்க்ரைப் கட்டளையைக் கொண்டு பதிப்பு எண்ணைக் கண்டறிகிறது. அடுத்த படி அந்த எண்ணையே டேகாக (பெயர்ச்சீட்டாக) இட்டு கண்டெய்னர் இமேஜை உருவாக்கி, இமேஜ்களைச் சேமிக்கும் பதிவகத்துக்கு அனுப்புகிறது. இரண்டாவது ஜாப் அதே எண்ணைக் கொண்டு இமேஜை எடுத்துச் சோதனைச் சூழலில் நிறுவ வேண்டும்.

முதல் படியில் எண்ணை ஒரு சூழல் மாறியில் வைத்து எக்ஸ்போர்ட் செய்கிறேன். அந்தப் படியின் கடைசி வரியில் எக்கோ மூலம் அச்சிட்டுப் பார்த்தால் லாகில் எண் சரியாகத் தெரிகிறது. ஆனால் அடுத்த படியில் அதே மாறி வெறுமையாக இருக்கிறது. எந்தப் பிழைச் செய்தியும் வருவதில்லை. டேக் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லாததால் இமேஜை உருவாக்கும் கட்டளை மட்டும் பிறகு தோல்வியடைகிறது.

இப்போதைக்கு, தேவைப்படும் ஒவ்வொரு படியிலும் கட்டளையை மீண்டும் இயக்கி எண்ணைப் புதிதாகப் பெறுகிறேன். முன்வெளியீடுகளின் எண்ணோடு நேரமுத்திரையையும் சேர்ப்பதால், இரண்டு ஜாப்களும் இரண்டு வேறு எண்களைக் கணக்கிடுகின்றன. இரண்டாவது ஜாப் தேடும் டேக் பதிவகத்தில் இருப்பதே இல்லை.

எக்ஸ்போர்ட் செய்த மாறி ஏன் அடுத்த படிக்குச் செல்வதில்லை? படிகளுக்கிடையே மதிப்பைக் கடத்தும் முறையும் ஜாப்களுக்கிடையே கடத்தும் முறையும் ஒன்றுதானா? இணையத்தில் உள்ள பல குறிப்புகள், இரட்டை முக்காற்புள்ளிகளுடன் தொடங்கும் செட்-அவுட்புட் என்ற கட்டளையை எக்கோ செய்யச் சொல்கின்றன. வேறு சில, ஒரு கோப்பில் எழுதச் சொல்கின்றன. எதைப் பின்பற்றுவது?

மறுமொழி 1

எக்ஸ்போர்ட் என்ற சொல் தரும் எண்ணத்தைவிட அதன் வீச்சு குறுகியது. ஒரு புராசஸ் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்) தன் சூழல் மாறிகளைத் தான் தொடங்கும் குழந்தைப் புராசஸ்களுக்கு மட்டுமே கொடுக்கிறது. அதையும் நகலாகவே கொடுக்கிறது. குழந்தை அந்த நகலில் செய்யும் மாற்றம் தாய்ப் புராசஸுக்குத் தெரிவதில்லை. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களிலும் விண்டோஸிலும் இதுவே நடைமுறை.

உங்கள் பைப்லைனில் தாயாக இருப்பது ரன்னர், அதாவது ஜாப்பை இயக்கும் நிரல். நீங்கள் எழுதும் ஒவ்வொரு ரன் பகுதியையும் அது ஒரு தற்காலிக ஸ்கிரிப்ட் கோப்பாக எழுதி, அதற்கென்று ஒரு புதிய ஷெல்லைத் தொடங்கி இயக்குகிறது. படி முடிந்ததும் அந்த ஷெல்லும் அதன் நினைவகத்தில் இருந்த மாறிகளும் மறைகின்றன. அடுத்த படியின் ஷெல் முந்தைய ஷெல்லின் குழந்தை அன்று. இரண்டும் ரன்னரின் குழந்தைகள். ஆகவே முதல் படியில் எழுதிய எக்ஸ்போர்ட், அந்தப் படிக்குள் நீங்கள் அழைக்கும் நிரல்களுக்கு மட்டுமே பயன்படும். இரண்டு படிகளுக்கும் பொதுவாக இருப்பவை இரண்டுதான்: ஒன்று கோப்பு முறைமை, மற்றொன்று ரன்னர் என்ற தாய்ப் புராசஸ். மதிப்பைக் கடத்த இவற்றில் ஒன்றின் வழியாகத்தான் செல்ல வேண்டும்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் இவ்விரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறது. ஒவ்வொரு படியும் தொடங்குவதற்கு முன் ரன்னர் சில வெற்றுக் கோப்புகளை உருவாக்கி, அவற்றின் பாதைகளைச் சூழல் மாறிகளாகப் படிக்குக் கொடுக்கிறது. கிட்ஹப்_அவுட்புட் என்ற மாறியில் ஒரு பாதையும், கிட்ஹப்_என்வ் என்ற மாறியில் இன்னொரு பாதையும் இருக்கும். படி தன் மதிப்பைப் பெயர், சமக்குறி, மதிப்பு என்ற வடிவில் அந்தக் கோப்பின் இறுதியில் ஒரு வரியாகச் சேர்க்கிறது. படி முடிந்ததும் ரன்னர் கோப்பைப் படித்து, மதிப்புகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பின்வரும் படிகளுக்குக் கொடுக்கிறது. இந்த வரிசையைப் புரிந்துகொண்டால் இன்னொரு குழப்பமும் நீங்கும்: கிட்ஹப்_என்வ் கோப்பில் எழுதிய மாறி, எழுதிய அதே படியில் கிடைக்காது, அடுத்த படி முதல்தான் கிடைக்கும். அந்தப் படியிலேயே தேவையானால் சாதாரண ஷெல் மாறியாகவும் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு கோப்புகளில் எதைத் தேர்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கிட்ஹப்_என்வ் கோப்பில் எழுதினால், அந்த ஜாப்பில் எஞ்சியுள்ள எல்லாப் படிகளின் சூழலிலும், நீங்கள் எழுதாத மூன்றாம் தரப்பு ஆக்‌ஷன்கள் உட்பட, அந்த மாறி புகுந்துவிடும். வெர்ஷன் போன்ற பொதுப் பெயரை வைத்தால், அதே பெயரைத் தன் சொந்தப் பொருளில் எதிர்பார்க்கும் ஏதேனும் ஒரு பில்ட் கருவி அதை எடுத்துக்கொள்ளும். பிறகு காரணத்தைத் தேடுவது கடினம். கிட்ஹப்_அவுட்புட் வழியில் அந்தச் சிக்கல் இல்லை. மதிப்பை எழுதும் படிக்கு ஒரு ஐடி கொடுக்க வேண்டும். மதிப்பு தேவைப்படும் படி, ஸ்டெப்ஸ் என்பதில் தொடங்கி அந்த ஐடி, அவுட்புட்ஸ், மதிப்பின் பெயர் என்று புள்ளியிட்டுத் தொடுத்த கோவையால் (எக்ஸ்பிரஷனால்) அதைக் கேட்டுப் பெற வேண்டும். பைப்லைனை வரையறுக்கும் யாமல் கோப்பைப் படிப்பவர் எந்த மதிப்பு எங்கே பிறந்து எங்கே பயன்படுகிறது என்பதைத் தேடாமலே காண்பார். ஆகவே அவுட்புட்டையே வழக்கமாகக் கொள்ளுங்கள். பல படிகளுக்கு உண்மையிலேயே பொதுவான அமைப்பாக இருந்தால் மட்டும் கிட்ஹப்_என்வ் கோப்பைப் பயன்படுத்துங்கள்.

ஜாப்களுக்கிடையே நிலைமை வேறு. கிட்ஹப் வழங்கும் ரன்னர்களில் ஒவ்வொரு ஜாப்பும் தனி மெய்நிகர் இயந்திரத்தில் இயங்குவதால் கோப்பு முறைமையும் பொதுவில்லை. முதல் ஜாப்பின் வரையறையில் அவுட்புட்ஸ் என்ற பகுதியைச் சேர்த்து, எந்தப் படியின் எந்த மதிப்பு ஜாப்பை விட்டு வெளியே செல்லலாம் என்று அறிவிக்க வேண்டும். இரண்டாவது ஜாப் நீட்ஸ் பகுதியில் முதல் ஜாப்பைக் குறிப்பிட்டு, நீட்ஸ் என்ற கான்டெக்ஸ்ட்டின் வழியாக அதைப் பெற வேண்டும். அந்தக் கான்டெக்ஸ்ட்டில் நேரடியாகச் சார்ந்த ஜாப்களின் மதிப்புகள் மட்டுமே இருக்கும். மூன்றாவது ஜாப் ஒன்று இரண்டாவதை மட்டும் சார்ந்திருந்தால், முதலாவதன் மதிப்பு அதற்குக் கிடைக்காது. அதன் நீட்ஸ் பட்டியலில் முதல் ஜாப்பின் பெயரையும் சேர்க்க வேண்டும். ஒரு ஜாப்பின் அவுட்புட்கள் மொத்தம் 1 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பும் உண்டு. பதிப்பு எண்ணுக்கு அது தாராளம். சோதனை அறிக்கையையோ கோப்புகளையோ இவ்வழியில் அனுப்பக் கூடாது, அவற்றுக்கு ஆர்ட்டிஃபாக்ட்தான் (ஓட்டத்தோடு சேமித்துவைக்கும் கோப்புத் தொகுப்பு) இடம்.

செட்-அவுட்புட் கட்டளையைப் புதிதாக எழுதும் எதிலும் சேர்க்க வேண்டாம். 2022 அக்டோபரில் கிட்ஹப் அதைக் கைவிடப்படும் பட்டியலில் சேர்த்தது. 2023 மே 31-இல் முழுவதுமாக நிறுத்தத் திட்டமிட்டிருந்தது. பயன்பாடு இன்னும் மிகுதியாக இருந்ததால் அதைத் தள்ளிவைத்தது. அதனால்தான் பழைய குறிப்புகள் இன்றும் எச்சரிக்கைச் செய்தியுடன் வேலை செய்வதுபோல் தெரிகின்றன.

மறுமொழி 2

மேலே சொன்ன விளக்கம் முழுமையானது. ஆனால் அதன்படி மாற்றிய பிறகும் உங்கள் பதிப்பு எண் வெறுமையாக வர வாய்ப்பு உண்டு. அதற்கான காரணங்கள் வேறு என்பதால் தனியாக எழுதுகிறேன்.

முதலாவது, கிட் வரலாறு. குறியீட்டை ரன்னருக்குக் கொண்டுவரும் செக்அவுட் ஆக்‌ஷன் இயல்பாக ஒரே ஒரு கமிட்டை மட்டும் இறக்குகிறது. கிட் டிஸ்க்ரைப் கட்டளைக்கோ பின்னோக்கிச் சென்று மிக அண்மைய கிட் டேகைக் கண்டுபிடிக்க வரலாறு வேண்டும். உங்கள் லாகில் எண் சரியாகத் தெரிவதால், ஃபெட்ச்-டெப்த் அமைப்பைச் சுழியமாக்கி முழு வரலாற்றையும் ஏற்கெனவே இறக்குகிறீர்கள் என்றோ, நீங்கள் பார்த்த ஓட்டம் டேகிடப்பட்ட கமிட்டிலேயே நடந்தது என்றோ கருதுகிறேன். பின்னதாக இருந்தால், அடுத்த கமிட்டில் கட்டளை தோல்வியடையும்.

அப்படித் தோல்வியடைந்தால் பைப்லைன் அங்கேயே நிற்குமா என்பது இரண்டாவது. இதுதான் இந்த விஷயத்தில் மிகவும் ஏமாற்றக்கூடிய இடம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் பாஷ் ஷெல்லை, ஏதேனும் ஒரு கட்டளை தோல்வியடைந்தால் உடனே நிற்கும் விருப்பத்துடன்தான் தொடங்குகிறது. ஆனால் பலர் எழுதுவதுபோல், எக்கோ கட்டளையின் மேற்கோள்களுக்கு உள்ளேயே கிட் டிஸ்க்ரைப் கட்டளையை டாலர் குறி, அடைப்புக்குறிகளுடன் பொதிந்து நேரடியாக அவுட்புட் கோப்பில் எழுதினால், ஷெல் பார்ப்பது எக்கோவின் வெளியேறு நிலையை மட்டுமே. உள்ளே இருந்த கட்டளை தோற்றாலும் எக்கோ வென்றுவிடும். கோப்பில் பெயரும் சமக்குறியும் மட்டும் எழுதப்படும். படி பச்சை நிறத்தில் முடியும். எக்ஸ்போர்ட் வரியிலேயே கட்டளையை வைத்து எழுதினாலும் இதே கதைதான், அங்கே எக்ஸ்போர்ட்டின் வெற்றி உள்ளிருக்கும் தோல்வியை மறைத்துவிடும்.

இதைத் தவிர்க்க, முதல் வரியில் கட்டளையின் விளைவை வெறும் மாறியில் இடுங்கள். அப்போது கட்டளையின் தோல்வி வரியின் தோல்வியாகவே கருதப்பட்டுப் படி நிற்கும். இரண்டாவது வரியில், மாறி வெறுமையாக இல்லை என்றும் நீங்கள் எதிர்பார்க்கும் வடிவத்தில் உள்ளது என்றும் சரிபாருங்கள். மூன்றாவது வரியில் கோப்பில் எழுதுங்கள். பைப் குறியால் கட்டளைகளைத் தொடுப்பவராக இருந்தால், அந்தப் படிக்கு ஷெல் என்ற இடத்தில் பாஷ் என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். அப்படிக் குறிப்பிட்டால் மட்டுமே பைப்ஃபெயில் விருப்பமும் சேர்கிறது. குறிப்பிடாமல் விட்டால் அது சேர்வதில்லை, தொடரின் கடைசிக் கட்டளை மட்டுமே தீர்ப்பைச் சொல்லும்.

மூன்றாவது, பெறும் இடத்திலும் இதே அமைதி நிலவுகிறது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் கோவைகளில், இல்லாத ஒரு ஐடியையோ எழுத்துப்பிழை உள்ள பெயரையோ கேட்டால் பிழை எழுவதில்லை. வெற்றுச் சரம் கிடைக்கிறது. ஆகவே மதிப்பைப் பெறும் படியும் அது வெறுமையா என்று தன் தொடக்கத்திலேயே பார்த்து, வெறுமையாக இருந்தால் தெளிவான செய்தியுடன் நிற்க வேண்டும். பாஷில் மாறியின் பெயரை அடுத்து முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் இட்டுச் செய்தியை எழுதினால் இதை ஒரே வரியில் செய்துவிடலாம். கொடுப்பவர் சரிபார்த்திருக்கிறாரே என்று பெறுபவர் விட்டுவிடக் கூடாது. ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் படியின் ஐடியை மாற்றும்போது காப்பாற்றுவது பெறும் இடத்துச் சோதனைதான்.

நேரமுத்திரையைப் பற்றி ஒரு சொல். ஒரு முறை கணக்கிட்டுக் கடத்துவதால் உங்கள் முரண்பாடு நீங்கும் என்பது சரி. ஆனால் இயங்கும் நேரத்துக்குப் பதில் கமிட்டின் நேரத்தைப் பயன்படுத்தினால் எண் எங்கே, எத்தனை முறை கணக்கிட்டாலும் ஒன்றாகவே இருக்கும். பைப்லைன் முழுவதையும் மீண்டும் ஓட்டினாலும் அதே கமிட்டுக்கு அதே எண் வரும். அதே எண்ணில் இரண்டாவது இமேஜை அனுப்புவதை உங்கள் பதிவகம் மறுக்கும்படி அமைத்திருந்தால் மட்டும் இதை யோசித்துச் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அவுட்புட் கோப்புக்கு மாறிவிட்டேன். முதல் ஜாப்பின் படிகளுக்கிடையே எண் சரியாகச் செல்கிறது. மறுமொழி 2-இல் சொன்னதுபோல், டேகிடாத கமிட்டில் ஓட்டியபோது முழு வரலாற்றை இறக்கத் தேவைப்பட்டது, அதையும் சேர்த்துவிட்டேன்.

ஆனால் ஜாப்களுக்கிடையே மூன்று ஐயங்கள் எழுந்துள்ளன. பதிப்பு எண் இரண்டாவது ஜாப்புக்குச் செல்கிறது. பதிவகத்தின் முகவரியையும் எண்ணையும் சேர்த்த முழு இமேஜ் பெயரை அனுப்பினால் மட்டும் வெறுமையாக வருகிறது. அடுத்து, நிறுவல் தேவையா என்பதை முதல் ஜாப் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று அனுப்புகிறது. ஃபால்ஸ் அனுப்பியபோதும் நிறுவல் ஜாப் இயங்கிவிட்டது. கடைசியாக, இமேஜை இரண்டு செயலிக் கட்டமைப்புகளுக்காக மேட்ரிக்ஸ் முறையில் (ஒரே ஜாப்பை வெவ்வேறு அமைப்புகளுடன் கிளைகளாக ஓட்டும் முறை) உருவாக்க எண்ணுகிறேன். இரண்டு கிளைகளும் ஒவ்வொரு மதிப்பை அனுப்பினால் இரண்டும் கிடைக்குமா?

மறுமொழி 1

பதிவகத்தின் முகவரியையோ அதில் உள்ள கணக்கு எண்ணையோ சீக்ரெட்டாக (லாகில் மறைக்கப்படும் ரகசிய மதிப்பாக) பதிந்து வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஜாப் முடியும்போது ரன்னர் அதன் அவுட்புட்களைப் பார்க்கிறது. எதிலேனும் சீக்ரெட்டாகப் பதியப்பட்ட ஒரு மதிப்பு சிறு பகுதியாக இருந்தாலும் அந்த அவுட்புட் முழுவதையும் அனுப்பாமல் விட்டுவிடுகிறது. லாகில், சீக்ரெட் இருக்கக்கூடும் என்பதால் இந்த அவுட்புட் தவிர்க்கப்பட்டது என்ற எச்சரிக்கை இருக்கும். முதல் ஜாப் வெற்றியோடு முடிவதால் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு செல்லும் வழிகளாக, மதிப்பை வேறு குறியாக்கத்தில் மாற்றி அனுப்பி மறுபக்கம் மீட்பது போன்றவற்றைச் சிலர் பரிந்துரைப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உருமாறிய சீக்ரெட்டை லாகில் மறைக்க ரன்னருக்குத் தெரியாது. பதிப்பு எண்ணை மட்டும் அனுப்பி, முகவரியை இரண்டாவது ஜாப்பிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். முகவரி உண்மையில் ரகசியமே இல்லையென்றால் அதைச் சீக்ரெட்டிலிருந்து எடுத்துச் சாதாரண அமைப்பு மாறியாக வைப்பது இன்னும் நேர்மையான தீர்வு.

ட்ரூ, ஃபால்ஸ் சிக்கலின் வேர், அவுட்புட்கள் எல்லாமே சரங்கள் என்பதில் இருக்கிறது. வெறுமையல்லாத எந்தச் சரமும் நிபந்தனையில் உண்மையாகவே கொள்ளப்படும். ஃபால்ஸ் என்ற எழுத்துகளைக் கொண்ட சரமும் அப்படியே. நிபந்தனையில் மதிப்பை அப்படியே எழுதாமல், ட்ரூ என்ற சரத்துக்குச் சமமா என்று ஒப்பிட்டு எழுதுங்கள். ஃப்ரம்ஜேசன் என்ற சார்பைக் கொண்டு சரத்தை உண்மையான பூலியனாக மாற்றவும் முடியும், ஆனால் வெற்றுச் சரம் வந்தால் அது பிழையில் முடியும். நிறுவல் போன்ற பின்விளைவு உள்ள செயலுக்கு அந்தப் பிழை நல்லதே என்று கருதினால் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

மேட்ரிக்ஸில் இரண்டும் கிடைக்காது. எல்லாக் கிளைகளும் ஒரே அவுட்புட் பெயரில் எழுதினால், கடைசியாக முடியும் கிளையின் மதிப்பு மற்றவற்றை மேலெழுதிவிடும். எந்தக் கிளை கடைசியாக முடியும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பெயருள்ள அவுட்புட்டை முன்கூட்டியே அறிவித்து வைக்கலாம். இரண்டு கட்டமைப்புகளுக்கு அது போதும். கிளைகளின் எண்ணிக்கை மாறக்கூடியது என்றால், ஒவ்வொரு கிளையும் தன் மதிப்பைச் சிறு கோப்பில் எழுதி, கிளையின் பெயரையும் சேர்த்த தனிப் பெயரில் ஆர்ட்டிஃபாக்ட்டாக ஏற்ற வேண்டும். பின்வரும் ஜாப் எல்லாவற்றையும் இறக்கிச் சேர்க்க வேண்டும். ஏற்றும் ஆக்‌ஷனின் நான்காம் பதிப்பு முதல், ஒரே ஓட்டத்தில் ஒரே பெயரில் இரண்டு முறை ஏற்ற முயன்றால் பிழை வரும் என்பதால், தனிப் பெயர் கட்டாயம்.

மறுமொழி 3

இதுவரை மதிப்பு தொலைந்துபோவதைப் பற்றியே பேசினோம். மதிப்பு அளவுக்கு மீறிச் செயல்படுவதைப் பற்றியும் பேச வேண்டும். பதிப்பு எண்ணோடு கிட் கிளையின் பெயரையோ புல் ரிக்வெஸ்ட்டின் தலைப்பையோ ஒரு நாள் கடத்தத் தொடங்குவீர்கள், அப்போது இது உடனே தேவைப்படும்.

பழைய கட்டளைகள் ஏன் கைவிடப்பட்டன என்பதிலிருந்து தொடங்குகிறேன். அவை படியின் வழக்கமான வெளியீட்டில் அச்சிடப்பட்டன. ரன்னர் ஒவ்வொரு வரியையும் வாசித்து, கட்டளைபோல் தோன்றுவதைக் கட்டளையாகவே ஏற்றது. யாரோ ஒருவர் பொதுவில் எழுதிய இஷ்யூவின் தலைப்பையோ உள்ளடக்கத்தையோ ஒரு நிரல் லாகில் அச்சிட்டாலே போதும், அதில் பதுங்கியிருக்கும் செட்-என்வ் கட்டளை (செட்-அவுட்புட்டைப் போன்றது, சூழல் மாறியை அமைப்பது) உங்கள் ஜாப்பின் சூழல் மாறியை மாற்றிவிடும். 2020-இல் இது பாதுகாப்புக் குறைபாடாக வெளியிடப்பட்டு, செட்-என்வ் கட்டளைக்கு அக்டோபரில் கைவிடல் அறிவிப்பும் நவம்பரில் முழுத் தடையும் வந்தன. மதிப்பைக் கோப்பில் எழுதும் முறை, தரவு செல்லும் வழியையும் கட்டளை செல்லும் வழியையும் பிரித்ததால்தான் பாதுகாப்பானது.

ஆனால் பிரித்தது பாதி வேலைதான். கோப்பின் வடிவம் வரிவரியானது. நீங்கள் எழுதும் மதிப்புக்குள் புதிய வரி ஒன்று இருந்தால், அதன் அடுத்த பகுதி தனி மாறியாகப் படிக்கப்படும். கிட்ஹப்_என்வ் கோப்பில் இது நிகழ்ந்தால், லினக்ஸில் நிரல்களுக்கு முன் ஒரு நூலகத்தை ஏற்றச் செய்யும் எல்டி_ப்ரீலோட் போன்ற மாறியைப் பிறர் அமைக்க இடம் கொடுத்தவர் ஆவீர்கள். அடுத்த படி என்ன நிரலாக இருந்தாலும் அவருடைய குறியீடும் சேர்ந்து ஓடும். பல வரி மதிப்புகளை அனுப்புவதற்கென்று, பெயருக்குப் பின் எல்லைச்சொல் ஒன்றை அறிவித்து, மதிப்பு முடிந்ததும் அதே சொல்லைத் தனி வரியில் எழுதும் வடிவம் இருக்கிறது. அந்த எல்லைச்சொல்லை ஒவ்வொரு ஓட்டத்திலும் தற்செயலாக உருவாக்குங்கள். எல்லோரும் எழுதும் இஓஎஃப் என்ற சொல்லை நிலையாக வைத்தால், மதிப்பை எழுதியவர் அதே சொல்லைத் தன் உரைக்குள் இட்டு எல்லையைத் தானே முடித்துக்கொள்ளலாம்.

பெறும் இடத்தில் உள்ள ஆபத்து இதைவிடப் பரவலானது. ரன் பகுதிக்குள் இரட்டை நெளிவுக் குறிகளில் கோவையை நேரடியாக எழுதினால், ஷெல் தொடங்கும் முன்பே ரன்னர் அந்த இடத்தில் மதிப்பின் எழுத்துகளை ஒட்டிவிடுகிறது. ஷெல்லுக்கு அது மதிப்பு என்று தெரியாது, ஸ்கிரிப்டின் பகுதியாகவே வாசிக்கும். கிட் கிளைப் பெயர்களில் இடைவெளிக்கு அனுமதி இல்லைதான். ஆனால் டாலர் குறி, அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள் எல்லாமே அனுமதிக்கப்படுகின்றன, இடைவெளிக்கு ஐஎஃப்எஸ் என்ற ஷெல் மாறியை (அதன் இயல்பு மதிப்பில் இடைவெளி உண்டு) பதிலியாக வைத்து ஒரு முழுக் கட்டளையையே கிளைப் பெயராக எழுத முடியும். இரட்டை மேற்கோள்களுக்குள் வைப்பதும் இங்கே பாதுகாப்பு அன்று. சரியான முறை, படியின் என்வ் பகுதியில் கோவையை ஒரு சூழல் மாறிக்கு ஒதுக்கி, ஸ்கிரிப்டுக்குள் அந்த மாறியை மேற்கோள்களுடன் பயன்படுத்துவது. ஷெல் மாறியை விரிக்கும்போது கிடைப்பதைத் தரவாகவே கொள்ளும், மீண்டும் கட்டளையாக ஆராயாது. பதிப்பு எண் போன்ற பாதுகாப்பான மதிப்புக்கும் இந்தப் பழக்கத்தையே கடைப்பிடியுங்கள். எது பாதுகாப்பானது என்று ஒவ்வொரு முறையும் தீர்மானிக்கும் சுமை குறையும்.

மறுமொழி 4

நான் கிட்ஹப்பைப் பயன்படுத்துவதில்லை. தேடி வரும் மற்றவர்களுக்காக, வேறு பைப்லைன் கருவிகளைப் பற்றிச் சில குறிப்புகளைச் சேர்க்கிறேன். அடிப்படை எங்கும் ஒன்றுதான். எல்லை எங்கே விழுகிறது என்பதில்தான் வேறுபாடு.

கிட்லேபில் பிஃபோர்_ஸ்கிரிப்டும் ஸ்கிரிப்டும் ஒரே ஷெல்லில் இயங்குவதால் எக்ஸ்போர்ட் செய்த மாறி ஜாப் முழுவதும் நிலைக்கிறது. ஆஃப்டர்_ஸ்கிரிப்ட் மட்டும் தனி ஷெல், அங்கே அது கிடைக்காது. ஜாப்களுக்கிடையே கடத்த, மதிப்புகளை ஒரு கோப்பில் எழுதி, ஆர்ட்டிஃபாக்ட்ஸின் ரிப்போர்ட்ஸ் பகுதியில் டாட்என்வ் வகையாக அறிவிக்க வேண்டும். பின்வரும் ஜாப்களில் அவை சூழல் மாறிகளாகவே தோன்றும். பல வரி மதிப்புகளுக்கு அதில் இடமில்லை. ஒரு ஜாப்பைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் ரூல்ஸ் பகுதியில் அந்த மதிப்புகளைப் பயன்படுத்த முடியாது என்பது பலரையும் தடுமாறச் செய்கிறது. ரூல்ஸ் பைப்லைன் உருவாகும்போதே மதிப்பிடப்படுகிறது. அப்போது எந்த ஜாப்பும் ஓடியிருக்காது. முடிவை ஸ்கிரிப்டுக்குள் எடுப்பது அல்லது குழந்தைப் பைப்லைன் ஒன்றைப் பிறப்பிப்பது என்ற இரண்டு வழிகள் உள்ளன.

ஜெங்கின்ஸில் ஒவ்வொரு எஸ்ஹெச் படியும் புதிய ஷெல். ஷெல்லிலிருந்து மதிப்பைப் பெற ரிட்டர்ன்ஸ்டடவுட் விருப்பத்தைக் கொடுத்து, விளைவை க்ரூவி மாறியில் வாங்கலாம். இறுதியில் ஒட்டியிருக்கும் புதிய வரியை டிரிம் செய்து நீக்க மறவாதீர்கள், இல்லையெனில் இமேஜ் டேகின் நடுவே கட்டளை உடையும். டிக்ளரேடிவ் பைப்லைனில் என்விரான்மென்ட் பகுதியில் அறிவித்த மாறியை, பிறகு ஸ்கிரிப்ட் பகுதியில் என்வ் வழியாக மாற்றினாலும் மாற்றம் எடுபடாது. மாறக்கூடிய மதிப்பை அங்கே அறிவிக்காமல் விடுவது நல்லது.

சர்க்கிள்சிஐயில் பாஷ்_என்வ் மாறி காட்டும் கோப்பில் எக்ஸ்போர்ட் வரியைச் சேர்த்தால், அதே ஜாப்பின் அடுத்த படிகள் தொடக்கத்திலேயே அதை வாசித்துக்கொள்ளும். ஜாப்களுக்கிடையே கோப்புகளைக் கடத்தும் வொர்க்ஸ்பேஸ் வேண்டும். டெக்டனில் ரிசல்ட்ஸ் என்ற ஏற்பாடு உண்டு, ஆனால் இயல்பான அமைப்பில் அது கண்டெய்னர் முடியும்போது குபர்னெட்டீஸுக்கு விட்டுச்செல்லும் செய்தியின் வழியாகச் செல்வதால், அளவு 4096 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மறுமொழி 3-இல் சொன்னபடி எல்லா ரன் பகுதிகளையும் என்வ் வழிக்கு மாற்றினேன். முகவரியையும் சீக்ரெட்டிலிருந்து எடுத்துவிட்டேன். ஒரு கேள்வி மட்டும் எஞ்சியுள்ளது. நிறுவல் ஜாப் தோல்வியடைந்து, அதை மட்டும் சில நாள் கழித்து மீண்டும் இயக்கினால், முதல் ஜாப்பின் பதிப்பு எண் இன்னும் இருக்குமா? இருந்தாலும், அந்த இடைவெளியில் அதே டேகில் வேறு இமேஜ் பதிவகத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகும்?

மறுமொழி 2

எண் இருக்கும். தோல்வியடைந்த ஜாப்களை மட்டும் மீண்டும் இயக்கும்போது, முன்பு வெற்றி பெற்ற ஜாப்களின் அவுட்புட்களையே கிட்ஹப் பயன்படுத்துகிறது.

இரண்டாவது பகுதிக்கு விடை, டேகைக் கடத்தாமல் டைஜெஸ்ட்டைக் கடத்துவது. டேக் என்பது பதிவகத்தில் ஒரு பெயர் மட்டுமே. பதிவகம் தடுக்காவிட்டால், அதில் எழுதும் உரிமை உள்ள எவரும் அதை வேறொரு இமேஜுக்கு நகர்த்தலாம். டைஜெஸ்ட் என்பது இமேஜின் மேனிஃபெஸ்ட்டிலிருந்து (அதன் பகுதிகளைப் பட்டியலிடும் கோப்பிலிருந்து) எஸ்ஹெச்ஏ-256 முறையில் கணக்கிடப்படும் 64 பதினறும இலக்கங்கள் கொண்ட சுருக்கம். உள்ளடக்கம் ஒரு பைட் மாறினாலும் அது மாறிவிடும். இமேஜை உருவாக்கிப் பதிவகத்துக்கு அனுப்பும் டாக்கரின் ஆக்‌ஷன், டைஜெஸ்ட்டைத் தன் அவுட்புட்டாகவே தருகிறது. பில்டெக்ஸ் கட்டளையை நேரடியாக இயக்குபவர்கள் மெட்டாடேட்டா-ஃபைல் விருப்பத்தின் வழியாகப் பெறலாம். நிறுவும் ஜாப்பில் இமேஜ் பெயரை அடுத்து அட் குறியிட்டு டைஜெஸ்ட்டை எழுதினால், முதல் ஜாப் உருவாக்கிய அதே இமேஜ்தான் இறங்கும், இல்லையேல் இறக்கமே தோல்வியடையும்.

பதிப்பு எண்ணையும் சேர்த்தே அனுப்புங்கள். லாகிலும் நிறுவல் பதிவேட்டிலும் மனிதர் வாசிக்க அது வேண்டும். இமேஜைத் தேர்ந்தெடுக்கும் வேலையை டைஜெஸ்ட்டிடம் விட்டுவிடுங்கள். மேட்ரிக்ஸுக்குச் செல்லும்போது ஒவ்வொரு கிளையின் டைஜெஸ்ட்டும் தனித்தனியாக இருக்கும் என்பதால், அவற்றை ஆர்ட்டிஃபாக்ட் வழியாகச் சேர்த்து, பல கட்டமைப்புகளுக்கான ஒரே மேனிஃபெஸ்ட் பட்டியலை உருவாக்கும் ஜாப் ஒன்றை இடையில் வைத்து, அந்தப் பட்டியலின் டைஜெஸ்ட்டை மட்டும் நிறுவல் ஜாப்புக்கு அனுப்புங்கள்.